கார்டை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்.

"அக்கா, கிராபிக்ஸ் கார்டு மக்கர் பண்ணுது. சரி பாக்கவா, புதுசு போடச் சொல்லவா?"

கேட்பவர்கள், கோவில்பட்டியில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இப்போது இருப்பவர்கள். நான் இருந்தபோது இந்தக் கேள்விக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. கெட்டால் மாற்று என்பதுதான் பேச்சு. இப்போது நல்ல கார்டு விலை ஏறிவிட்டது. சொன்ன நாளில் கிடைப்பதுமில்லை. செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் மொத்தமாக வாங்கிக் குவிக்கிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். எப்படியோ, பழுது பார்க்கிற மேசைக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. எந்த நிலையில் சரி பார்க்கலாம், எந்த நிலையில் மாற்றச் சொல்லலாம் என்று ஒரு விதியாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். விதி என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்ல முடியும்.

நான் தொடங்கியது கம்ப்யூட்டர் மெக்கானிக்காக அல்ல. திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் பதிப்பில் செய்தி தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். பிறகு பக்கம் வடிவமைத்தேன். இயந்திரம் நின்றால் சென்னையிலிருந்து ஆள் வரும்வரை பத்திரிகை காத்திருக்காது. அதனால் நின்ற இயந்திரத்தைத் திறந்து பார்க்கப் பழகினேன்; போகப் போக அதுவே என் வேலையாயிற்று. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிரிவை வேறு ஊரோடு இணைத்தபோது, கோவில்பட்டிக்குத் திரும்பி சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

பத்திரிகையில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஞானமுத்து சார். அதற்கு முன் செய்தி மேசையில் உதவி ஆசிரியர். மேலிடத்தோடு ஏதோ மனத்தாங்கல், எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்று பேச்சு. ஸ்க்ரூடிரைவரைப் பேனா மாதிரிப் பிடிப்பார். இயந்திரத்தைப் பற்றி எங்கள் அளவுக்கு அவருக்குத் தெரியாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் "சிஸ்டம் வேலை செய்யலை சார்" என்று யாராவது போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

"இது தலைப்பு. செய்தி எங்க?" என்பார்.

யார் உட்கார்ந்திருந்தது, திரையில் என்ன இருந்தது, எப்போது நின்றது, அப்போது அறையில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது, இவ்வளவையும் சொன்ன பிறகுதான் திருகாணியில் கை வைக்க விடுவார். ஏன் நின்றது என்று மட்டும் கேட்க மாட்டார். நாங்களாக "பவர் சப்ளை போயிருக்கும் சார்" என்று ஆரம்பித்தால், "அது தலையங்கம். அதுக்கு ஆள் வேற" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவார். இன்னொரு கெடுபிடி, சம்பவ இடம். கெட்ட இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வரக்கூடாது. அது நின்ற இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில் இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். ஒருமுறை விளம்பரப் பிரிவில் ஒரு திரை தினமும் சாயங்காலம் நடுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் திரையை மாற்றினோம். புதிய திரையும் நடுங்கியது. ஞானமுத்து சார் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து அறையில் காபிக்கு வெந்நீர் வைக்கிற ஹீட்டரை யாரோ போட்டார்கள். திரை நடுங்கியது. அவர் பேப்பரை மடித்தார்.

"செய்தி கிடைச்சிருச்சு. காபி நேரத்துல மட்டும் நடுங்குது. இனி நீங்க தலையங்கம் எழுதலாம்."

இரண்டும் ஒரே மின்கம்பியில் இருந்தன. பிரித்துக் கொடுத்தோம், நடுக்கம் நின்றது.

கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் தனியாகச் செருகுகிற ஒரு பலகை. படங்களைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்புவது அதன் வேலை. நடுவே பெரிய சிப் ஒன்று, சுற்றிலும் கடுகைவிடச் சிறிய உதிரிகள் ஏராளம், எல்லாவற்றுக்கும் மேலே சூட்டை இழுக்கிற உலோகத் தகடும் விசிறிகளும். விசிறி நின்றுபோனால் வேறு விசிறி போடலாம். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாகத் தடவலாம். சிறிய உதிரி போயிருந்தால் தேடிப் பிடித்து மாற்றலாம். கண்ணும் பொறுமையும் வேண்டும். பெரிய சிப்பே போயிருந்தால், அல்லது அதற்கு அடியிலுள்ள ஈயப் பற்றுகள் விட்டிருந்தால், எங்கள் ஊர் மேசையில் செய்ய ஒன்றுமில்லை.

ஆனால் செய்ததுபோலக் காட்ட முடியும். சிப்பின் மேல் சூடான காற்றைப் பாய்ச்சினால் விட்ட பற்று கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும். ஓட்டப்பிடாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் அப்படி வேறெங்கோ இரண்டு தடவை சூடு காட்டிய கார்டை என்னிடம் கொண்டுவந்தார்.

"இன்னொரு தடவை காட்டி விடுங்கக்கா. இந்த முகூர்த்த மாசம் தாண்டுனா போதும்" என்றார்.

"காய்ச்சக்காரனுக்குப் பவுடர் பூசி போட்டோ எடுப்பீங்களா தம்பி?"

"எடுத்திருக்கோம்க்கா. மாப்பிள்ளைக்கே காய்ச்சல்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் சூடு காட்டவில்லை. ஒரு தாலி கட்டு வீடியோவின் நடுவே அது நின்றால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போனவர், பிறகு வேறு கார்டு போட்டுக்கொண்டு அதையும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கார்டுக்கு மாற்றுவதுதான் சரி. அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் வந்தது ராஜாமணி அண்ணாச்சியின் கார்டில்.

அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் இடைசெவல் போகிற வழியில் இருக்கிறது. எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பெட்டி அடைக்கப் போகிறவர்களும் "ஆபீசுக்குப் போறேன்" என்றுதான் வேனில் ஏறுவார்கள். அண்ணாச்சி வெளிநாடுகளுக்குப் பெட்டி அனுப்புகிறவர். வாங்குகிறவர்கள் லேபிளை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதில்லை. பெட்டியும் பண்டலும் கடை அலமாரியில் அடுக்கி வைத்தால் எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் செய்து சுழற்றிக் காட்டச் சொல்கிறார்கள். அதற்குத்தான் அங்கே நல்ல கார்டு.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவரே கடைக்கு வந்து, துணியில் சுற்றிய கார்டை மேசையில் வைத்தார்.

"இது மூணாவது கார்டுக்கா. மழைக்கு முன்ன ஒண்ணு போச்சு, மழைக்குப் பின்ன ஒண்ணு போச்சு. இப்ப காத்துக்கு இது. புதுசு புதுசா வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்கேன். இதுல கார்டு கோளாறா, கை கோளாறான்னு நீங்க சொல்லணும்."

"யாரு கை?"

"அங்கன படம் போடுத பிள்ளை, எஸ்தர்னு பேரு. அவ வேற வேலையெல்லாம் இதுல ஓட்டுதாள்னு கணக்கர் சொல்லுதாரு. கோயில் அசன விருந்துக்கு பிளெக்ஸ் அடிச்சது எனக்கே தெரியும். ஓட்டுன விதம் தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா, கார்டோட சேத்து ஆளையும் மாத்திருதேன். சிவகாசியில ஒருத்தன் இருக்கான். அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்கு."

"எஸ்தர் எங்க போவா?"

"பெட்டி அடைக்க. அங்கன இருந்து வந்தவதான? இப்பவே அங்கதான் இருக்கா. கார்டு இல்லாத கம்ப்யூட்டர் முன்னால சும்மா உக்கார வைக்கவா?"

அவர் போன பிறகு கார்டை எங்கள் கம்ப்யூட்டரில் செருகினேன். கோடு கோடாகப் படம் வந்து இருண்டது. பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட்டுச் செருகியபோது ஒழுங்காக ஓடியது. கொஞ்ச நேரம் ஓடியபின் மறுபடி இருண்டது. எரிந்த வாடை இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சிறிய உதிரிகளின் முனைகள் கறுத்திருந்தன. சில இடங்களில் பச்சையாகப் பூத்திருந்தது. அளவுக்கு மீறி ஓட்டி வெந்துபோன கார்டில் கறுப்பு ஓரிடத்தில் குவிந்திருக்கும். இதில் யாரோ ஊதிவிட்டதுபோலப் பலகை முழுக்கப் பரவியிருந்தது; விசிறிக்கு நேர் கீழே அதிகம்.

அதைவிட ஆச்சரியம், கார்டில் மண் இல்லை. எங்கள் பக்கம் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் கரிசல் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். இவ்வளவு சுத்தமான கார்டை நான் பார்த்ததில்லை. இவ்வளவு கறுத்த கார்டையும் பார்த்ததில்லை.

கடைப் பிள்ளைகள் இரண்டு கட்சியானார்கள். மாற்றச் சொல்லிவிடலாம் என்றது ஒன்று. துடைத்துக் கொடுத்துவிடலாம், கெட்டால் மறுபடி வரட்டும் என்றது இன்னொன்று. காரணம் தெரியாதவரை இரண்டு முடிவிலும் பழி எஸ்தர்மேல்தான்; அவள் பெட்டி அடைக்கவே போவாள் என்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் கடையின் உதிரிக் கார்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் ஆபீசுக்குப் போனேன்.

படம் போடுகிற அறை முற்றத்துக்குத் தெற்கே, பழைய கட்டடத்தில் இருந்தது. ஜன்னல்களில் தடித்த பாலிதீன் விரித்து, சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டியிருந்தார்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை. உள்ளே ஏசி. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். சுவரில் சாமி படமும் அதன் முன்னால் ஒரு சின்ன வெள்ளி விளக்கும் இருந்தன.

"பாத்தியளா? ஒரு பொட்டு மண்ணு வருமா?" என்றார் அண்ணாச்சி. அந்தப் பெருமை நியாயமானதுதான். கரிசல் காட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோரும் செய்வது அது. எங்கள் கடையிலும் விற்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும் அதைத்தான் சொல்லி அனுப்புவோம்.

நான் உதிரிக் கார்டைச் செருகி இயந்திரத்தை ஓடவிட்டேன். எஸ்தரைக் கூப்பிடச் சொன்னேன். அண்ணாச்சி வேறு வேலையாக வெளியே போனார்.

எஸ்தருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பசுவந்தனையிலிருந்து ஆபீஸ் வேனில் வருகிறவள். பாவாடைச் சட்டைப் பருவம் தாண்டியதும் பெட்டி அடைக்கச் சேர்ந்து, சனிக்கிழமைகளில் கோவில்பட்டிக்கு வந்து டிசைன் படித்து, அந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். இப்போது நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞானமுத்து சாரின் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். திரையில் என்ன இருந்தபோது நின்றது? பெட்டி அடுக்கு சுழலும்போதும் நின்றது; ஒன்றும் ஓடாமல் சும்மா இருந்தபோதும் நின்றது. எந்த நேரம்? அப்படி ஒரு நேரம் இல்லை.

"யாரெல்லாம் இங்க உட்காருவாங்க?"

"நான் மட்டுந்தான்க்கா."

"வேற யாரும் வந்து போறதுண்டா?"

"யாரும் வரமாட்டாங்க. கணக்கரே வாசல்ல நின்னுதான் பேசுவாரு."

"அசனத்துக்கு பிளெக்ஸ் அடிச்சியாமே?"

முகம் சிவந்தது. "அடிச்சேன். சாப்பாட்டு நேரத்துல. ஒரே ஒரு பிளெக்ஸ். ஆண்டவருக்கு அடிச்சது கார்டைக் கெடுக்குமாக்கா?"

"கெடுக்காது. அது வெறும் படம்."

"பெட்டி அடைக்கிறது கேவலம்னு நான் சொல்லலை. எங்கம்மா இப்பவும் அடைக்காவ. ஆனா கார்டைக் கெடுத்துட்டுப் போனவள்னு பேராயிட்டுன்னா, அப்புறம் எந்த ஆபீஸ்ல என்னைய கம்ப்யூட்டரைத் தொட விடுவாங்க?"

அப்போது அண்ணாச்சி திரும்பி வந்தார். அவர் பின்னாலேயே கூட்டிப் பெருக்குகிற பேச்சியம்மாள், திருநீறு போட்டுத் தேய்த்த இன்னொரு வெள்ளி விளக்கைக் கணக்கர் அறைக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. சாமி படத்து விளக்கைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது.

"பேச்சி, இந்த விளக்கை மட்டும் ஏன் வெளக்க மாட்டேங்க? கரிச்சட்டி மாதிரி கெடக்கு."

"போன வெள்ளிக்கும் வெளக்குனேன் மொதலாளி. ரெண்டுக்கும் ஒரே துன்னூறு, ஒரே கை. கணக்கரு ரூம்புல உள்ளது மினுங்குது. இது மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுது. சாமிக்கே இந்த ரூம்பு பிடிக்கலையோ என்னமோ."

"வாயி மட்டும் நல்லா மினுங்குது ஒனக்கு."

பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே கையிலிருந்த விளக்கோடு போனார். அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டு, மேசைக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சில தீப்பெட்டிகளை எடுத்தார். ஒரு குச்சியை உரசி, சுடர் எழுவதைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, தகர டப்பாவில் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. பேசிக்கொண்டே, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிடி.

"காலையில வந்த சரக்கு. எங்கப்பா காலத்துல இருந்து எங்க கையால உரசிப் பாக்காம ஒரு கட்டும் வண்டி ஏறாது. மருந்து கூடக்குறைய இருந்தா மோந்தாலே தெரிஞ்சிரும்."

"இங்கதான் உரசுவீங்களா?"

"பின்ன? வேற எங்கன பாத்தாலும் சரக்கு. நெருப்பு தெறிச்சா என்னாகும்? வெளிய உரசுனா காத்து அணைச்சிருது. ஆபீஸ்லயே காத்து அண்டாத ரூம் இது ஒண்ணுதான்."

வெள்ளைப் புகை மேலே போகவில்லை. ஏசி காற்றில் வளைந்து, மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பக்கவாட்டுச் சல்லடை வழியாக உள்ளே போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு எஸ்தரிடம், "யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னியே?" என்றேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரும் வரலையேக்கா?"

"அண்ணாச்சி?"

"அவிய முதலாளில்லா!"

அவள் பொய் சொல்லவில்லை. முதலாளி வந்து உட்கார்வது அந்த ஆபீசில் 'யாரோ வந்தது' ஆகாது. கந்தக வாடையும் அப்படித்தான். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது வாடையே இல்லை. அந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்கும் உறைக்கவில்லை.

கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கார்டிலுள்ள அந்தக் கடுகு உதிரிகளின் முனைகளுக்குள் வெள்ளிப் பூச்சு உண்டு. அது கறுத்துப் பொரிந்தால் மின்சாரம் விட்டுவிட்டுப் போகும், பிறகு போகாது. மண் வராமல் அடைத்த அறையில் புகையும் போக வழியில்லை. காரணம் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் தலைமுறையாகத் தீப்பெட்டி செய்கிறவரிடம் போய், உங்கள் குச்சிதான் உங்கள் கார்டைத் தின்றது என்று பட்டதை வைத்துச் சொல்ல முடியாது.

முற்றத்தில் அவரைப் பிடித்தேன். பழைய கார்டுகள் இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டேன். வியாபாரிகள் எதையும் எறிவதில்லை. பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இன்னொண்ணு அண்ணாச்சி. பேச்சியம்மாள் சாமி படத்து விளக்கையும் வெளக்கட்டும். ரெண்டு விளக்கையும் ஒரு வாரத்துக்கு இடம் மாத்தி வச்சிருங்க. மத்தபடி எல்லாம் எப்பவும் போல நடக்கட்டும். அதுவரை என் கார்டு இங்க கிடக்கட்டும், எடுக்க வேண்டாம்."

"இதென்ன ஜோசியமா?"

"வாஸ்துன்னு வச்சுக்கோங்க."

வாஸ்து என்றதும் மறுபேச்சில்லை.

அந்த வாரம் மூன்று கார்டுகளையும் மேசையில் அருகருகே வைத்தேன். மூன்றிலும் கறுப்பு விசிறிக்குக் கீழே அதிகமாக, ஒரே மாதிரி படர்ந்திருந்தது. வேறு வேறு நாளில் வாங்கிய ஒரே ரக மூன்று கார்டுகளை ஒரு கை ஒரே மாதிரி கெடுக்க முடியாது. மூன்றாவது கார்டின் தகட்டைக் கழற்றி, ஆல்கஹாலில் பிரஷ்ஷைத் தொட்டுப் பலகையைக் கழுவினேன். பெரிய சிப் நன்றாக இருந்தது. மின்சுற்று வரைபடம் என்னிடம் கிடையாது. அதனால் சந்தேகப்பட்ட ஒவ்வொரு உதிரியையும் மீட்டரில் அளந்து, மற்ற இரண்டு கார்டுகளில் அதே இடத்தில் அளந்ததோடு ஒப்பிட்டேன். அளவு பிசகிய இடங்களில், பழைய கார்டுகளில் தப்பிப் பிழைத்த உதிரிகளை எடுத்து வைத்து ஒட்டினேன். புதுப் பேஸ்ட். பிறகு கடையில் கனமான படங்களை விடாமல் ஓடவிட்டேன். கார்டு அசையவில்லை. சரி பார்ப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கு, கார்டைப் பொறுத்தவரை பதில் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். எனக்கு முன்பே பேச்சியம்மாள் இரண்டு விளக்கையும் கொண்டுவந்து முற்றத்துத் திண்டில் வைத்துவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாருங்க மொதலாளி! கணக்கரு ரூம்பு விளக்கு படம் போடுத ரூம்புக்கு வந்து கறுத்துப்போச்சு. சாமி படத்து விளக்கு அங்கன போயி மாப்பிள்ளை மாதிரி இருக்கு. இனிமே என்னைய ஒரு சொல்லு சொல்லப்படாது!"

அண்ணாச்சி இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவரைத் தனியே படம் போடுகிற அறைக்குக் கூட்டிப் போனேன்.

"கார்டைச் சரி பண்ணிட்டேன் அண்ணாச்சி. புதுசு வேண்டாம்."

"அப்ப கை கோளாறு."

"ஆமா. ஆனா எஸ்தர் கை இல்ல."

அவர் கையிலிருந்த கறுத்த விளக்கைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். தகர டப்பாவைப் பார்த்தார். நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. கந்தகம் வெள்ளியை என்ன செய்யும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"எங்கப்பா உரசுனது இது" என்றார் கடைசியில்.

"உரச வேண்டாம்னு சொல்லலை. இங்கன வேண்டாம்னுதான் சொல்லுதேன். அந்தப் பாலிதீனையும் கிழிச்சு எறிஞ்சிட்டு கம்பிவலை அடிங்க. மண்ணு வரட்டும். மண்ணை பிரஷ்ஷால தட்டிரலாம்."

"வெளிய காத்துல குச்சி நிக்காதுக்கா."

"வாங்குதவன் வீட்டுல காத்து அடிக்காதா அண்ணாச்சி?"

நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நான் சொல்லலை."

"கணக்கருக்கு?"

"யாருக்கும் சொல்லலை."

"சரி. நான் பாத்துக்கிடுதேன். திங்கக்கிழமை கார்டைக் கொண்டாங்க."

அவ்வளவுதான். சிவகாசிக்காரனை என்ன செய்யப் போகிறார், எஸ்தரை என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. தவறு தன்னுடையது என்று தெரிந்த முதலாளிகள், அதை அறிந்தவர்களைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்புவதையும் நான் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை போனபோது ஜன்னல்களில் பாலிதீன் இல்லை. புதுக் கம்பிவலை வழியாக ஆடிக் காற்று உள்ளே வந்து, மேசைமேல் மெல்லிசாகக் கரிசல் படிந்திருந்தது. ஸ்டூலும் தகர டப்பாவும் வாசலுக்கு வெளியே சைக்கிள் கொட்டகைக்குப் போயிருந்தன. நாற்காலி காலியாக இருந்தது. என் உதிரிக் கார்டைக் கழற்றி, சரி பார்த்த கார்டைச் செருகி இயந்திரத்தை ஓடவிட்டேன். எஸ்தர் பாதியில் விட்ட பெட்டி அடுக்கு திரையில் தங்குதடையில்லாமல் சுழன்றது.

அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்தார். "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்னால் போனேன். பெட்டி அடைக்கிற கொட்டகைக்குப் போனார்.

நீளமான கொட்டகை. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, குச்சியை அள்ளிப் பெட்டிக்குள் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்கள். கண்ணால் தொடர முடியாத வேகம். அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது; கைகள் நிற்கவில்லை. எஸ்தர் தன் அம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி எஸ்தரு, அங்கன கம்ப்யூட்டர் காத்துக் கெடக்கு. இங்கன என்ன செய்யுத?"

"நீங்கதான பெட்டி அடைக்கச் சொன்னிய."

"சொன்னேன்." தொண்டையைச் செருமினார். "தப்பாச் சொல்லிட்டேன். கார்டைக் கெடுத்தது நீ இல்ல. நான் உரசுத குச்சி."

இப்போது கைகளும் நின்றன. பெருக்குமாற்றோடு மூலையில் நின்ற பேச்சியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப நியாயப்படி மொதலாளியத்தான் பெட்டி அடைக்க அனுப்பணும்!"

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அடக்க முடியாமல் இன்னொருத்தி சிரிக்க, கொட்டகை முழுக்கச் சிரிப்பு பரவியது. அண்ணாச்சிக்கும் வந்துவிட்டது. எஸ்தர் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. முன்னால் கிடந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தப் பண்டலை முடிச்சிட்டு வாரேன்."

அவளுடைய அம்மா அவள் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி ஓரத்தில் கிடந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முடி, முடி. ஒண்ணும் அவசரமில்ல."

எஸ்தர் அடைக்கத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த ஒருத்தி, விளையாட்டுக்குக் காலிப் பெட்டிகளையும் கொஞ்சம் குச்சியையும் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். குச்சியை அள்ளித் தட்டி, தலைகளை ஒரே பக்கமாகச் சேர்த்து, நாக்கை மடித்துக் கடித்தபடி உள்ளே தள்ளினார்.

எஸ்தர் பண்டலைக் கட்டி முடித்து எழுந்தபோது அண்ணாச்சி இரண்டாவது பெட்டியில் இருந்தார். குச்சி அதிகமாகி அது மூடவில்லை. அவள் குனிந்து அதை வாங்கி, ஒரு சிட்டிகை குச்சியை எடுத்துவிட்டு, மூடி அவர் கையில் கொடுத்தாள். பிறகு கை கழுவப் போனாள்.